வெற்றுக் குழிகள்

புளியங்குடி யானைக்கால் நோய்க்குப் பெயர்போன ஊரல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வாசுதேவநல்லூருக்கும் கடையநல்லூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது எலுமிச்சையால்தான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் 'யானைக்கால்' என்ற சொல்லுக்கு எங்கள் தலைமுறையினர் கும்பகோணத்தையே முகவரியாகச் சொல்வார்கள். அது தூரத்து ஊர்களின் துன்பம். எங்களுடையதன்று என்ற நிம்மதி அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு, ஒட்டுண்ணிப் புழு ஏற்றப்பட்ட சுண்டெலிகளின் மண்ணீரலில் டி செல்களை எண்ணுவதைப் பற்றி நாங்கள் எழுத நேர்ந்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் எங்கள் நண்பர். மற்றவர், எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் மூன்றே மாதங்கள் குடியிருந்த ஓர் அம்மாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் கூடிப் புத்தகம் பேசும் வழக்கம் எங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. எங்களில் ஒருவர் படித்து முடித்து ஐரோப்பிய நகரமொன்றின் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்கள் வேலை செய்தவர். ஊருக்கு வந்தால் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நாவல்களைப் பற்றிக் கறாரான அபிப்பிராயங்கள் சொல்வார். தன் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. உடம்பின் போர்ப்படையைக் கட்டுப்படுத்தி வைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்'களைப் பற்றிய கண்டுபிடிப்புக்கான பரிசு அது. அதைத் தொட்டு யாரோ கேட்க, அவர் அன்று இரண்டு மணி நேரம் பேசினார். அந்தச் செல்களைத்தான் அவர் ஆண்டுக்கணக்காகச் சுண்டெலிகளில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் பேசப் பேச எங்களுக்கு அந்த அம்மாளின் நினைவுதான் வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியரின் தாயார் அவர். பெயர் யாருக்கும் தெரியாது. 'தஞ்சாவூரம்மா' என்றால் தெருவுக்குத் தெரியும். வலது கால் முழங்காலுக்குக் கீழே பருத்து, தோல் தடித்து, மரப்பட்டைபோல் வெடித்திருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை தொடையிடுக்கில் நெறிகட்டிக் குளிர்காய்ச்சல் வரும். அப்போது மூன்று நாள் வெளியில் வரமாட்டார். யாரோ சொன்னதைக் கேட்டு மகன் அவரைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்துப்போய்ப் புற்றுமண் வாங்கிவந்து பூசினார். நீர் பிடிக்கும் இடத்தில் அவருடைய குடத்தை மற்றக் குடங்களிலிருந்து தள்ளி வைத்தார்கள். அவரைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்கும் வந்துவிடும் என்று வீட்டுக்காரர் மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மகனின் மீது யாருக்கும் வருத்தமில்லை. நல்ல ஆசிரியர், கம்பீரமான மனிதர், கால்களில் ஒரு குறையும் இல்லாதவர். விசேஷ வீடுகளில் அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள்.

வீட்டுக்காரரின் தர்க்கத்தில் பாதி சரியானது என்பதுதான் இதில் வேதனையான அம்சம். கொசுவால்தான் அந்நோய் பரவுகிறது. 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். 1877இல் சீனத்துத் துறைமுகமான அமோயில் பாட்ரிக் மான்சன் அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது வந்து சேரும் இளம்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி வளர்கின்றன. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, வெள்ளை நூல்போல் இருக்கும். ஐந்தாறு வருடங்களுக்கு மேலும் உயிர்வாழும். அது ஈனும் குஞ்சுகள், மைக்ரோஃபைலேரியா எனப்படுபவை, லட்சக்கணக்கில் ரத்தத்தில் மிதக்கும். பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, கொசு கடிக்கும் இரவு வேளையில்தான் தோலுக்கடியில் வரும். 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகப் போய் உறங்குபவர்களை எழுப்பி விரல் நுனியில் ரத்தம் எடுத்தது இதனால்தான்.

அந்த இரவு ரத்தத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மைக்ரோஃபைலேரியா நெளியும் ரத்தம் பெரும்பாலும் கால் பருத்தவர்களுடையதாக இருக்கவில்லை. வெளிப்பார்வைக்கு ஒரு நோவும் இல்லாத மனிதர்களுடையதாக இருந்தது. கால் பருத்தவர்களின் ரத்தத்திலோ பெரும்பாலும் ஒரு குஞ்சும் அகப்படுவதில்லை. கொசு எடுத்துச் செல்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் விஞ்ஞானிகள் சுண்டெலியிடம் போனார்கள்.

டி செல் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுவதால் அந்தப் பெயர். 1961 வரை தைமஸுக்கு ஒரு வேலையும் இல்லையென்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். ஜாக் மில்லர் என்பவர் லண்டனில், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்து, அவை நோய்த்தொற்றுகளைத் தாங்காமல் சாவதைக் கண்டபின்புதான் அதன் முக்கியத்துவம் தெரிந்தது. தைமஸ் இல்லாமலேயே பிறக்கும் ரோமமற்ற சுண்டெலிகளும் பிற்பாடு கிடைத்தன. அவைதான் யானைக்கால் புழு ஆராய்ச்சியின் முதல் வாசல்.

சாதாரணச் சுண்டெலியின் உடம்பில் மனிதனின் யானைக்கால் புழு வளராது. சில வாரங்களில் அழிந்துவிடும். தைமஸற்ற சுண்டெலியில் அது வளர்ந்தது. 1983இல் ஃபிலடெல்ஃபியாவில், டி செல்லும் அதன் உடன்பிறப்பான பி செல்லும் இல்லாத 'ஸ்கிட்' எனும் சுண்டெலி வகையைக் கண்டறிந்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டி.வி. ராஜனும் அவரது சகாக்களும் புரூகியா மலாயி என்ற யானைக்கால் புழுவை (கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் வெகுகாலம் இருந்த புழு இதுதான்) அந்தச் சுண்டெலிகளில் ஏற்றினார்கள். புழு முழு வளர்ச்சியடைந்து குஞ்சும் ஈன்றது. 1991இல் இதை அவர்கள் எழுதினார்கள். ஆக, சுண்டெலியைப் புழுவிடமிருந்து காப்பதில் டி செல்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது உறுதியாயிற்று. பிற்பாடு சென்னையில் பல முக்கியமான ஆய்வுகளைச் செய்த சுபாஷ் பாபு, ராஜனுடன் சேர்ந்து இந்தச் சுண்டெலிகளைப் பற்றி எழுதியவர்.

டி செல் இல்லாவிட்டால் புழு வாழும் என்பது சரி. ஆனால் மனிதர்களுக்கு டி செல் இருக்கிறதே, அப்படியும் புழு எப்படி வருடக்கணக்கில் வாழ்கிறது? அதைத் தெரிந்துகொள்ள டி செல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அது என்ன செய்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவையைத்தான் எங்கள் நண்பர் அன்று விவரித்தார். அவர் சொன்னதை இயன்றவரை அப்படியே தருகிறோம்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயன்பட்டது லிட்டோமோசாய்டஸ் என்ற புழு. கொறித்துண்ணிகளுக்கு இயல்பாக வருவது. யானைக்கால் புழுவின் பங்காளி. கொசுவுக்குப் பதில் எலியுண்ணி ஒன்று இதைப் பரப்புகிறது. ஒரு வகை வெள்ளைச் சுண்டெலியில் இது முழுதாய் வளர்ந்து குஞ்சு ஈனும் என்பதை 1992இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கறுப்புச் சுண்டெலி வகையொன்றோ புழுவைக் குஞ்சு ஈனவிடாமல் அழித்துவிடும். ஒரே புழு, ஒரே உண்ணி, ஒரே தீனி. வம்சம் மட்டும் வேறு.

குறித்த நாளில் சுண்டெலியைக் கொன்று மண்ணீரலை எடுக்கிறார்கள். அவரைவிதைபோல் சிவந்த சிறு உறுப்பு. அதை நைலான் சல்லடையில் வைத்து ஊசிக்குழாயின் தண்டால் மெல்லத் தேய்த்தால் செல்கள் தனித்தனியே கீழே இறங்குகின்றன. சிவப்பணுக்களை உப்புக் கரைசலால் வெடிக்கச் செய்து கழுவிவிடுகிறார்கள். எஞ்சியவற்றில் ஒரு துளியை, நுண்கட்டங்கள் கீறிய கண்ணாடியில் வைத்து உருப்பெருக்கியின் கீழ் எண்ணுகிறார்கள். ஒரு மண்ணீரலில் ஏறத்தாழப் பத்துக் கோடி செல்கள். அவற்றுள், நோயே கண்டிராத சுண்டெலியில், ஒரு குறிப்பிட்ட அந்நியப் புரதத் துணுக்கை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் சில பத்துகளிலிருந்து சில நூறுகள்வரைதான் இருக்கும் என்று 2007இல் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று சொல்கிறது. தொற்று வந்தபின் அவை பெருகும். கோடிகளுக்குள் அந்தச் சிலவற்றைத் தேடுவதுதான் வேலை.

96 குழிகள் கொண்ட, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் செல்களைப் பகிர்ந்து விடுகிறார்கள். சில குழிகளில் புழுவை அரைத்த சாற்றைச் சேர்ப்பார்கள். சிலவற்றில் எந்த டி செல்லையும் தட்டி எழுப்பும் வீரியமான பொருள். சிலவற்றில் ஒன்றுமே சேர்ப்பதில்லை. பிறகு உடம்பின் வெப்பத்தில் மூன்று நாட்கள். புழுவை அடையாளம் கண்ட டி செல் பிளந்து பெருகும். பெருகும் செல் புதிய மரபுப்பொருளை உண்டாக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளில் கதிரியக்கமுள்ள ஒன்றைக் கலந்துவிட்டால், எவ்வளவு கதிரியக்கம் உள்ளே போயிற்றோ அவ்வளவு பெருக்கம். இது பழைய முறை.

அடுத்தது புள்ளி முறை. டி செல் சுரக்கும் சைட்டோகைன் எனும் தூதுப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைக் குழியின் தரையில் முன்கூட்டியே பூசிவிடுகிறார்கள். சுரந்த செல் எங்கே உட்கார்ந்திருந்ததோ அங்கே ஒரு நீலப் புள்ளி விழும். செல்லைக் கழுவிக் கொட்டிவிட்டுப் புள்ளிகளை எண்ணலாம். ஆள் எழுந்துபோன பிறகு பாயில் இருக்கும் தடத்தை எண்ணுவதுபோல.

மூன்றாவது முறையை எங்கள் ஊர்க்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். எலுமிச்சைச் சந்தையில் அளவும் நிறமும் பார்த்துக் காய்களைக் கூடைகளில் பிரிக்கும் பெண்களின் கைவேகத்தைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஃப்ளோ சைட்டோமீட்டர் எனும் கருவி செல்களுக்கு அதைச் செய்கிறது. சைட்டோகைன் வெளியே சிந்திவிடாமல் ஒரு மருந்தால் செல்லுக்குள்ளேயே தடுத்துவைத்து, செல்லின் சுவரைத் துளைத்து, ஒவ்வொரு பொருளிலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு நிறத்தில் ஒளிரும் எதிர்ப்புரதங்களை உள்ளே விடுகிறார்கள். பிறகு செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைக் கடந்து ஓடுகின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கில். இது டி செல்லா, எந்த வகை, உள்ளே இன்டர்ஃபெரான் காமா வைத்திருக்கிறதா, இன்டர்லூகின் 4 வைத்திருக்கிறதா, 10 வைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கு. டி செல்கள் ஒரே மாதிரியானவை அல்ல, சுரக்கும் பொருளை வைத்து இருவகையாகப் பிரிக்கலாம் என்று 1986இல் மோஸ்மனும் காஃப்மனும் சொன்னதும் சுண்டெலிச் செல்களை வைத்துத்தான்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு, பல மாதங்களாகப் புழுவைச் சுமந்திருக்கும் வெள்ளைச் சுண்டெலியின் செல்களுக்குப் புழுச் சாற்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? "அநேகமாக ஒண்ணும் ஆகாது" என்றார் நண்பர். "மூணு நாள் காத்திருந்து ஒண்ணும் ஆகலைங்கிறதை அளக்கணும். அதுதான் என் உத்தியோகம்."

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இங்கே குறுக்கிட்டார். செல்கள் செத்துக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாதே, இது மௌனம் என்றும் அது மரணம் என்றும் எப்படிப் பிரித்தறிவது? சரியான கேள்வி. எந்த டி செல்லையும் எழுப்பும் பொருளை வேறு குழிகளில் போட்டுவைத்திருப்பது அதற்காகத்தான். அந்தக் குழிகளில் இதே செல்கள் பொங்கியெழும். ஆகவே அவை உயிரோடிருக்கின்றன, வல்லமையோடும் இருக்கின்றன. புழுவின் முன்னால் மட்டும் வாயடைத்துப் போகின்றன.

மனிதர்களிடம் இந்தத் தேர்ந்தெடுத்த மௌனத்தை முதலில் தெளிவாக விவரித்தவர்களில் எரிக் ஆட்டிசன் முக்கியமானவர். பசிஃபிக் தீவொன்றில் அவரும் சகாக்களும் செய்த ஆய்வு 1977இல் வெளிவந்தது. அதன் பிறகு இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது சென்னையில். சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் (1956இல் தொடங்கப்பட்டது, இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) பெயரில் காசநோயை வைத்திருந்தாலும் யானைக்கால் நோயிலும் பல பத்தாண்டுகள் உழைத்த இடம். அங்கே வி. குமாரசாமியும், அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் தாமஸ் நட்மன் போன்றோரும் சேர்ந்து, மதராஸ் நோயாளிகளின் ரத்தத்தை வைத்துப் பல ஆய்வுகள் எழுதினார்கள். புழுவை அடையாளம் காணும் டி செல்கள் எத்தனையில் ஒன்று என்று 1992இல் கணக்கிட்டபோது, ரத்தத்தில் குஞ்சுகள் உள்ளவர்களிடம் அவை வெகு குறைவாகவும், கால் பருத்தவர்களிடம் மிக அதிகமாகவும் இருந்தன. 1996இல் வந்த இன்னொரு கட்டுரை, மௌனமானவர்களிடம் இன்டர்லூகின் 10 என்ற அமைதிப்படுத்தும் பொருள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

ஆனால் மனிதனிடம் ரத்தம் எடுக்கலாம். மண்ணீரலை எடுக்க முடியாது. புழு என்றைக்கு உள்ளே வந்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முக்கியமாக, 'இந்த வகைச் செல்லை அகற்றிவிட்டால் என்ன நடக்கும்?' என்ற கேள்வியை மனிதனிடம் கேட்கவே முடியாது. மௌனத்தோடு கூடவே இன்டர்லூகின் 10 இருக்கிறது என்பது ஒன்று. மௌனத்துக்கு யார் காரணம் என்பது வேறொன்று. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் சுண்டெலி.

சகாகுச்சி ஜப்பானில், பிறந்து மூன்று நாளான சுண்டெலியின் தைமஸை அகற்றினால் அதன் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்குவதைக் கவனித்து, அடக்கிவைக்கும் டி செல் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என ஊகித்தார். 1995இல் அவற்றை அடையாளம் காட்டினார். 2005இல் எடின்பரோவில் மேத்யூ டெய்லர், ஜூடித் ஆலன், ரிக் மெய்ஸெல்ஸ் ஆகியோர், லிட்டோமோசாய்டஸ் புழு குடியேறிய சுண்டெலிகளில் இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களின் செயலை எதிர்ப்புரதங்களால் முறித்தார்கள். மௌனம் கலைந்தது, பிற டி செல்கள் புழுவுக்குப் பதில் சொல்லத் தொடங்கின, புழுக்கள் அழியலாயின. வாயடைத்தவை தாமாக வாயடைக்கவில்லை, அடக்கப்பட்டிருந்தன. புழு தான் வாழ்வதற்காக, உடம்பு தன்னைத்தானே தாக்காமலிருக்க வைத்திருக்கும் காவலையே பயன்படுத்திக்கொள்கிறது.

இனி கால். 2009இல் சென்னையிலிருந்து சுபாஷ் பாபுவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின் முடிவு தலைப்பிலேயே இருக்கிறது. கால் வீக்கம் வந்தவர்களிடம் புழுவுக்கு எதிரான, அழற்சியை மூட்டும் டி செல்கள் மிகுதி. அடக்கும் டி செல்களின் வினை குறைவு. நோவில்லாமல் நடமாடுபவரின் உடம்பு புழுவோடு சமாதானம் செய்துகொண்டது. கால் பருத்தவரின் உடம்பு சமாதானத்துக்கு இணங்காதது. குஞ்சுகள் ரத்தத்தில் இல்லாமல் போவதும் நிணநீர்க் குழாய்கள் சேதமாவதும் அந்த இணங்காமையின் விளைவுகள்.

பருத்த கால் முழுக்க டி செல்களின் கைவேலை என்று சொல்லிவிடவும் முடியாது. டி செல் இல்லாத சுண்டெலியிலும் புழு இருக்கும் இடத்தில் நிணநீர்க் குழாய் விரிவடைகிறது. அது புழுவின் நேரடி வேலை. பிறகு விரல் இடுக்குகளின் வெடிப்பு வழியாகப் பாக்டீரியாக்கள் நுழைந்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்கச் செய்கின்றன. எளிய காரணம் ஒன்றைச் சொல்லி முடிக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த நோய் இடம் கொடுப்பதில்லை. என்றாலும் தெருவின் கணக்கு தலைகீழானது என்பதில் சந்தேகமில்லை. தஞ்சாவூரம்மாவின் ரத்தத்திலிருந்து எந்தக் கொசுவும் எதையும் எடுத்துப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொண்டுசெல்லும் ரத்தம் அந்த வீட்டில் இருந்திருக்குமானால், அது முதல் பந்தியில் உட்காரவைக்கப்பட்டவருடையதாக இருந்திருக்கலாம். இருந்தது என்று சொல்லவில்லை. அவரையும் யாரும் நள்ளிரவில் எழுப்பி விரலில் குத்திப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதையே சொல்கிறோம். பருத்த கால் கண்ணுக்குத் தெரிகிறது. சமாதானம் தெரிவதில்லை.

சுண்டெலியில் கண்டதை மனிதனுக்கு எப்படிப் பொருத்துவது என்ற விவாதம் அன்று வெகுநேரம் நடந்தது. நண்பரே அதில் அடக்கமாகத்தான் இருந்தார். மோஸ்மனின் இரு வகைப் பிரிவு சுண்டெலியில் இருக்குமளவு தெளிவாக மனிதனில் இல்லை. மேலும் ஆய்வகச் சுண்டெலி கிருமியே காணாத செல்லப்பிள்ளை. 2016இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு குழு, ஆய்வகச் சுண்டெலியின் நோயெதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையினுடையதைப் போலவும், செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலியினுடையது வளர்ந்த மனிதனுடையதைப் போலவும் இருப்பதைக் காட்டியது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது, தப்பிப் பிழைத்த ஆய்வகச் சுண்டெலிகளும் மாறிவிட்டன. எலிப்பொந்துக்கும் சாக்கடைக்கும் இடையில் வாழும் எங்கள் ஊர்ச் சுண்டெலி அநேகமாக நல்ல மாதிரியாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, சிரித்தோம்.

கொல்வதைப் பற்றியும் கேட்டோம். அதற்கு விதிகள் உண்டு, குழு உண்டு, இந்தியாவிலும் அனுமதியின்றிச் செய்ய முடியாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கூண்டுகளில் எண் எழுதிய அட்டைதான் இருக்கும், பெயர் வைக்கமாட்டோம் என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு தகவல் எங்களைச் சங்கடப்படுத்தியது. லிட்டோமோசாய்டஸ் புழுவை ஏற்றினால், நீரிழிவு வரும் வம்சத்துச் சுண்டெலிகளுக்கு அது வராமல் தடுக்கப்படுகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களைத் தன் டி செல்களே அழிப்பதால் வரும் நீரிழிவு அது. புழு மூட்டிய அமைதி அதையும் அடக்குகிறது. 2010இல் சென்னையில் வி. அரவிந்தன், வி. மோகன் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகளில், நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுவின் தடயம் மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டது. இதிலிருந்து புழு நல்லது என்று முடிவு கட்டுவது அபத்தம். இலங்கை இந்த நோயை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2027க்குள் ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. ஒழியட்டும். ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் புழுவோடு பேரம் பேசிப் பழகிய உடம்புக்கு, எதிராளி எழுந்துபோன பின் என்ன ஆகும் என்பது உண்மையான கேள்விதான்.

கால் பருத்தவர்களுக்கு மருந்தால் ஆவது கொஞ்சம்தான். டிஇசி மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும். தடித்த காலைச் சுருக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, வெடிப்புக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்தால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும், வீக்கமும் ஓரளவு கட்டுப்படும் என்கிறார்கள். தேவையானது சோப்பும் தண்ணீரும். நீர் பிடிக்கும் இடத்தில் குடத்தைத் தள்ளி வைத்திருந்த ஒருவருக்கு அதில் எது அதிகம் கிடைத்திருக்கும் என்று யோசித்தோம்.

கூட்டம் முடியும் வேளையில் நண்பர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். புள்ளி முறைத் தட்டு ஒன்றை மேலிருந்து எடுத்தது. மேல் வரிசைக் குழிகளில் நீலப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன; எந்தச் செல்லையும் எழுப்பும் பொருள் விட்டவை. அடுத்த வரிசை புழுச் சாறு விட்டது. வெள்ளையாக இருந்தது. தமிழாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கண்ணருகே பிடித்து, உதடு அசைய எண்ணினார்.

"ஒண்ணுமில்லேன்னு சொன்னியே, நாலு கெடக்குல்லா?"

"அது சும்மா கெடக்கிறது சார். கீழ் வரிசையைப் பாருங்க, சாறே விடாதது. அதுலயும் நாலு இருக்கும்."

அவர் கீழ் வரிசையையும் எண்ணினார்.